சுக்கானில் வைத்த கை

பிரெஸ்ட்,
6 நவம்பர் 2023

திரு. லான்சினே காபா அவர்களுக்கு,

என் பெயர் க்வெனோலா கெர்ப்ரா. நீங்கள் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். என் குரலைக் கேட்டிருக்கிறீர்கள். செப்டம்பர் பதினான்காம் தேதி காலை ஏழே முக்கால் மணியிலிருந்து பன்னிரண்டு மணி அடிக்கப் போகும்வரை உங்களோடு போனில் பேசிக்கொண்டிருந்தவள் நான்தான்.

அது யாருடைய எண், யார் எடுக்கிறார்கள் என்று உங்களுக்கு யாராவது சொன்னார்களா தெரியாது. நாங்கள் அரசாங்கம் இல்லை. எங்களிடம் கப்பலும் கிடையாது, படகும் கிடையாது. கடலில் தத்தளிப்பவர்கள் கூப்பிட்டால் எடுப்பதற்காகப் பல ஊர்களில் எங்களைப் போன்றவர்கள் முறை வைத்து உட்கார்ந்திருக்கிறோம். படகு எங்கே இருக்கிறது என்று கேட்டு மீட்பு மையங்களுக்குச் சொல்வோம். அவர்கள் கிளம்பும்வரை நச்சரிப்போம். மற்ற நாட்களில் நான் உவெசான் தீவுக்குப் போகும் கப்பலுக்கு டிக்கெட் கிழித்துக் கொடுப்பவள். அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் அதே கப்பலில் மாலுமியாக இருந்தேன், முழங்கால் போகும்வரை.

உங்கள் போன் அறுந்த பிறகு என்ன ஆயிற்று என்று மறுநாள்தான் தெரிந்தது. நாற்பத்தொரு பேர் கரை சேர்ந்தார்கள், ஒருவரைக் காணவில்லை என்று சொன்னார்கள். கரை சேர்ந்தவர்களில் நீங்களும் இருப்பீர்கள், எங்கோ ஒரு கட்டிலில் தூங்கிக்கொண்டிருப்பீர்கள் என்று நினைத்தேன். போன வாரம் உங்கள் வழக்கறிஞர் ஃபெர்ராந்தே எங்களைத் தேடிப்பிடித்து எழுதியபோதுதான் நீங்கள் சிறையில் இருப்பது தெரிந்தது. விமானத்திலிருந்து எடுத்த படத்தில் எஞ்சின் பக்கத்தில், சுக்கானில் கை வைத்தபடி நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்களாம். ஆகவே நீங்கள்தான் படகோட்டி, நீங்கள்தான் ஆட்களைக் கடத்தியவர், செத்தவருக்கும் நீங்களே பொறுப்பு என்கிறார்களாம்.

அந்த இடத்தில் உங்களை உட்கார வைத்தது யார் என்று எனக்குத் தெரியும். அன்று குறிப்பெழுதிய நோட்டு என் முன்னால் இருக்கிறது. எட்டு இருபதுக்கு நான் கேட்டேன்:

"சுக்கான யாரு பிடிச்சிருக்கா?"

"யாருமில்ல. ஓட்டிட்டு வந்தவன் மயங்கி விழுந்துட்டான்."

"அப்ப நீ போய்ப் பிடி."

"எனக்கு படகு ஓட்டத் தெரியாதும்மா. நான் வெல்டரு."

"தெரியாட்டிப் பரவால்ல. நான் சொல்றேன், நீ செய். படகு மூக்கு அலையப் பாத்தே இருக்கணும். விலாவக் காட்டுனா கவுந்துடும். புரியுதா?"

எங்கள் குழுவில் ஒரு விதி உண்டு. படகை எப்படிச் செலுத்துவது என்று யாருக்கும் சொல்லக்கூடாது. நாங்கள் அங்கே இல்லை, அலையைப் பார்க்கவில்லை என்பதற்காக. அந்த விதியை நான் மீறினேன். அதைக் கோர்ட்டில் வந்து சொல்ல விரும்புகிறேன். வழக்கறிஞர் உங்கள் சம்மதம் வேண்டும் என்கிறார். தயவுசெய்து சம்மதியுங்கள்.

க்வெனோலா கெர்ப்ரா


சிசிலி,
29 நவம்பர் 2023

மதாம்,

உங்கள் கடிதம் பிரித்த உறையில்தான் வந்தது. இங்கே எல்லாம் அப்படித்தான் வரும். இதுவும் அப்படித்தான் போகும்.

உங்கள் குரல் எனக்கு நன்றாகவே ஞாபகம் இருக்கிறது. நீங்கள் கோர்ட்டுக்கு வர வேண்டாம்.

உங்கள் நோட்டில் எட்டு இருபது எழுதியிருக்கிறது. எட்டரைக்கு என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். "ஒரு மணி நேரத்துல வந்துடுவாங்க, கைய எடுக்காத" என்றீர்கள். நான் திரும்பி எல்லோரிடமும் கத்தினேன், ஒரு மணி நேரம், ஒரு மணி நேரம் என்று. பெண்கள் கைதட்டினார்கள். வந்தது ஐந்து மணி நேரம் கழித்து. பத்து மணிக்கு மேல் ஒருத்தரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பதினொன்று ஐம்பதுக்கு என்ன எழுதியிருக்கிறது?

மோரி சிதிமேயும் நானும் எங்கள் ஊர் கான்கானில் ஒரே தெரு. படகேற வந்த ஸ்ஃபாக்ஸிலும் ஒரே பட்டறையில் வேலை பார்த்தோம். நாங்கள் ஏற வேண்டிய இரும்புப் படகைக் குனிந்து பார்த்தேன். வெல்டிங் பாதி இடத்தில் பிடிக்கவே இல்லை, மேலே பெயின்ட் அடித்து மறைத்திருந்தார்கள். மோரியிடம் சொன்னேன். "நீ எவன் வெல்டிங்கத்தான் நல்லாருக்குன்னு சொல்லிருக்க? ஏறுடா" என்றான்.

அவன் தண்ணீர் இறைக்க எழுந்து நின்றான். ஒரு அலை. அவ்வளவுதான். ஏழெட்டு முழம் தள்ளி அவன் தலை தெரிந்தது. கை தெரிந்தது. நான் உங்களிடம், "மோரி விழுந்துட்டான், திருப்புறேன்" என்றேன். நீங்கள், "திருப்பாத" என்றீர்கள். "திருப்பாத, லான்சினே. நாப்பது பேரு இருக்காங்க, திருப்பாத." மூன்று தடவை. பிறகு போனில் தண்ணீர் புகுந்துவிட்டது.

மோரியின் மனைவி ஜெனாபு துனிஸில் அக்காள் வீட்டில் இருக்கிறாள். அடுத்த மாதம் பிரசவம். வயிற்றில் பிள்ளை இருந்ததால்தான் அவளை ஏற்றவில்லை. மோரியை அலை கொண்டுபோனது, யாரும் பார்க்கவில்லை என்று அவள் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். நீங்கள் கோர்ட்டில் வந்து நோட்டைப் படித்தால் பத்திரிகைக்காரர்கள் எழுதுவார்கள். நான் பார்த்துக்கொண்டே போனேன் என்று ஜெனாபுக்குத் தெரிந்துவிடும்.

உங்களால் எனக்கு ஆக வேண்டியது ஒன்றுமில்லை.

லான்சினே காபா


பிரெஸ்ட்,
12 டிசம்பர் 2023

லான்சினே,

உங்கள் கடிதத்தை டிக்கெட் கவுன்டரில் வைத்துப் படித்தேன். வரிசையில் நின்ற ஒருவர் கண்ணாடியைத் தட்டி, "தீவுக்குப் போகணும்மா, இன்னிக்கே" என்றார். அவருக்கு நேற்றைய தேதி போட்டு டிக்கெட் கொடுத்துவிட்டேன்.

என்னை நியாயப்படுத்திக்கொள்ள இதை எழுதவில்லை. நீங்கள் கேட்டதற்குப் பதில் மட்டும் எழுதுகிறேன்.

எட்டரை மணிக்கு நோட்டில் எழுதியிருப்பது இது: "மீட்பு மையம்: தகவல் பெற்றுக்கொண்டோம் என்றார்கள். கப்பல் கிளம்பியதா? பதில் இல்லை." ஒரு மணி நேரம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. உங்கள் குரல் தளர்ந்துகொண்டே போனது. "என்னால முடியலம்மா, விட்டுடறேன்" என்றீர்கள். ஒரு மணி நேரம் என்ற வார்த்தை என் வாயிலிருந்து அப்படியே வந்துவிட்டது. அது பொய். அந்தப் பொய்யை நீங்கள் திரும்பி நாற்பது பேருக்கும் கத்திச் சொன்னதை நான் போனில் கேட்டேன். அந்தக் கைதட்டலையும் கேட்டேன்.

அடுத்தது பதினொன்று ஐம்பது, நான் பொய் சொல்லாத இடம். கப்பலில் நான் வேலை பார்த்த காலத்தில், தீவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மீன்படகிலிருந்து ஒருவர் விழுந்ததைப் பார்த்தேன். கூட இருந்த இரண்டு பேரும் அவரைத் தூக்கப் படகைத் திருப்பினார்கள். அலைக்கு விலாவைக் காட்டிய அந்தக் கணத்தில் படகு கவிழ்ந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மூன்று தொப்பிகள் மட்டும் மிதந்தன. அதனால்தான் "திருப்பாத" என்றேன். மறுபடியும் அப்படி ஒரு போன் வந்தால் மறுபடியும் அதையே சொல்வேன். இதை உங்களிடம் எழுதுவதற்கு எனக்கு நான்கு நாள் பிடித்தது.

அன்று உங்கள் போன் அறுந்த பிறகு நான் எழுந்து கழிப்பறைக்குப் போய் வாந்தி எடுத்தேன். பிறகு வந்து மீட்பு மையத்தைக் கூப்பிட்டேன். இரண்டும் மாறி மாறி.

எங்கள் குழுவிலும் தகராறு. டெல்ஃபின் என்று ஒருத்தி, எங்கள் ஊர்ப் பொறுப்பாளர், நல்லவள். கூட்டத்தில் என்னைப் பார்த்து, "நீ போய் நான்தான் உத்தரவு போட்டேன்னு சொன்னா, நாளைக்கு நம்ம எல்லாரையும் கடத்தல்காரங்கன்னு சொல்லுவாங்க. போன எடுக்க ஆளே இருக்காது, யோசிச்சியா?" என்றாள்.

"யோசிச்சேன். அவரு உள்ள இருக்காரு, நான் வெளிய இருக்கேன். வேற என்ன யோசிக்கச் சொல்ற?" என்றேன்.

அவள் சொன்னதும் தப்பில்லை. இனி நான் போனில் உட்காருவதில்லை என்று ஒப்புக்கொண்டிருக்கிறேன். அதற்கு மேல் எங்களுக்குள் பேச்சில்லை.

ஜெனாபு விஷயத்தில் எனக்குச் சொல்ல உரிமை இல்லை. நீங்கள் வேண்டாம் என்றால் நான் வரமாட்டேன். அது உறுதி. ஆனால் கிடைக்கக்கூடிய தண்டனை எத்தனை வருடம் என்று வழக்கறிஞர் என்னிடம் சொன்னார். உங்களிடமும் சொல்லியிருப்பார்.

க்வெனோலா


சிசிலி,
30 ஜனவரி 2024

மதாம் க்வெனோலா,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் கோபம் மட்டும் காரணமில்லை. பேனா தீர்ந்துவிட்டது.

என் அறையில் கலோஜெரோ என்று ஒருவர் இருக்கிறார். கார் திருடி வந்தவர், வாழ்நாளில் பாதி இங்கேதான். உங்கள் கடிதம் வந்ததும், "மறுபடியும் அந்தப் பிரெஞ்சுக்காரியா? என்ன வயசு?" என்றார்.

"அறுபது இருக்கும்."

"அப்ப நிஜமான காதல்தான். அறுபது வயசுல பொய் சொல்ல எவளுக்கு நேரமிருக்கு?"

உங்கள் பொய்யை நீங்களே எழுதியிருந்த பக்கத்தை அவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். எனக்குத் தெரிந்த அரைகுறை இத்தாலிய மொழியில்தான். "பொம்பளைக்குத் தைரியம் இருக்கு. இங்க வந்து எவனாவது தான் பண்ணத ஒத்துக்கிட்டானா? எங்கள எல்லாம் சும்மாதான் பிடிச்சாங்களாம்" என்றார்.

வழக்கறிஞர் வந்தார். இருபது வருடம் வரை போகலாம் என்றார். எனக்கு இருபத்தாறு வயது. இன்னொரு விஷயமும் சொன்னார். முதலில் ஓட்டிவந்து மயங்கி விழுந்தவனை நான் காட்டிக் கொடுத்தால் தண்டனை குறையுமாம். மாட்டேன் என்றேன். அவனும் எங்களைப் போல ஏறியவன்தான். ஓட்டத் தெரியும் என்று வாய் தவறிச் சொல்லி மாட்டிக்கொண்டவன்.

வாரத்துக்கு ஒரு தடவை பத்து நிமிடம் போன் பேச விடுவார்கள். போன வாரம் ஜெனாபைக் கூப்பிட்டேன். ஆண் பிள்ளை பிறந்து முப்பது நாள் ஆகிறது. பின்னால் அழுகிற சத்தம் கேட்டது. உடம்பு தேறியதா, பால் இருக்கிறதா என்றெல்லாம் கேட்டுக்கொண்டே ஐந்து நிமிடத்தை வீணடித்தேன். அவள்தான் ஆரம்பித்தாள்.

"லான்சினே, நீ பாத்தியா?"

"என்னத்த?"

"தெரியாத மாதிரிக் கேக்காத. நீ அவன விட்டு ஒரு முழம் தள்ளி நிக்கமாட்ட. யாரும் பாக்கலன்னு எங்கண்ணன் வந்து சொன்னப்பவே எனக்குத் தெரியும். பாத்தியா, இல்லியா?"

"பாத்தேன்."

பிள்ளையின் அழுகை மட்டும் கேட்டது. நான் பார்த்ததைச் சொன்னேன். எத்தனை முழம், என்ன சட்டை, கையை எப்படித் தூக்கினான் எல்லாம். சொல்லி முடித்தபின் அவள் சொன்னாள்:

"நாலு மாசமா நான் என்ன நெனச்சிட்டிருக்கேன் தெரியுமா? யாரும் பாக்காம போயிட்டான்னு. அவன் விழுந்ததுகூட யாருக்கும் தெரியாம, படகு பாட்டுக்குப் போயிடுச்சுன்னு. நீ பாத்துட்டிருந்தேல்ல? அது போதும்."

"கோர்ட்டுல அத எல்லாம் படிப்பாங்க, ஜெனாபு."

"படிக்கட்டும். இவன் வளந்து கேட்டா நான் எத எடுத்துக் காட்டறது? எழுத்துல இருக்கட்டும்."

காவலர் தோளைத் தட்டினார். பத்து நிமிடம் முடிந்தது.

வாருங்கள். மே மாதம் பதினைந்தாம் தேதி என்று சொல்கிறார்கள். நோட்டைக் கொண்டு வாருங்கள்.

லான்சினே


சிசிலி,
16 மே 2024

லான்சினே,

கோர்ட் இருக்கும் தெருவின் கோடியில் ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மதியம் எனக்கு விமானம். நேற்று நமக்குள் ஒரு வார்த்தை பேச விடவில்லை. நீங்கள் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்தீர்கள். நான் உங்களைப் பார்த்தபோது நீங்கள் தரையைப் பார்த்தீர்கள், நீங்கள் பார்த்தபோது நான் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் இவ்வளவு ஒல்லி என்று நான் நினைக்கவில்லை. குரலை வைத்து ஒரு பெரிய ஆளை மனசில் வரைந்து வைத்திருந்தேன்.

நான் படித்ததை மொழிபெயர்ப்பாளர் உங்களுக்குச் சரியாகச் சொன்னாரா? அரசு வழக்கறிஞர் என்னைக் கேட்டது உங்கள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. அவர் மரியாதையாகத்தான் பேசினார்.

"நீங்க கப்பல் கேப்டனா, மதாம்?"

"இல்ல. டிக்கெட் குடுக்கறவ."

"அப்ப எந்த அதிகாரத்துல அந்தாளுக்கு உத்தரவு போட்டீங்க?"

"எந்த அதிகாரமும் இல்ல. அந்த நேரத்துல அவரு கூப்பிட்டா எடுக்கறதுக்கு வேற யாரும் இல்ல."

"நீங்க சொன்னதாலதான் அவர் சுக்கானப் பிடிச்சாரு, இல்லன்னா பிடிச்சிருக்க மாட்டாரு. இதத்தான் சொல்ல வர்றீங்களா?"

"ஆமா."

"அப்ப இங்க கூண்டுல நிக்க வேண்டியது நீங்கதானே?"

சபையில் ஒரு சிரிப்பு கேட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அதத்தான் ஐயா நானும் ஆறு மாசமா எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வர்றேன்" என்றேன். உங்கள் வழக்கறிஞர் நெற்றியில் கைவைத்தார். என்மேல் வழக்கு வரலாம் என்று பிறகு சொன்னார். வந்தால் வரட்டும்.

பதினொன்று ஐம்பதை நான் படித்தபோது என் குரல் நின்றுவிட்டது. நீதிபதி தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். மூன்று "திருப்பாத"வையும் படித்தேன், ஒன்றைக்கூட விடவில்லை. அப்போது நீங்கள் எழுந்து நின்றீர்கள். காவலர் உட்காரச் சொன்னார், நீங்கள் உட்காரவில்லை. ஏன் எழுந்தீர்கள்? கோபமா? அது எனக்குத் தெரியவே இல்லை. விமானத்திலும் அதையேதான் நினைத்துக்கொண்டு போவேன்.

தீர்ப்பு ஜூனில் என்கிறார்கள்.

ஒரு காலை முழுவதும் ஒரு மனிதரின் உயிரைக் காதில் வைத்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு அவரிடம் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கக்கூட முடியாமல் போவது விசித்திரம். எப்படி இருக்கிறீர்கள்?

க்வெனோலா


கத்தானியா,
3 ஜூலை 2024

க்வெனோலா அம்மா,

உறையைப் பாருங்கள். இந்தக் கடிதத்தை யாரும் பிரிக்கவில்லை. நானே ஒட்டி, நானே தபால்பெட்டியில் போடுகிறேன்.

வழக்கறிஞர் போன் செய்திருப்பார். என்றாலும் நானே சொல்ல வேண்டும். விடுதலை. உயிர் காக்க வேறு வழியில்லாமல் செய்தது குற்றமில்லை என்று நீதிபதி படித்தார். அதை மொழிபெயர்ப்பாளர் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. கலோஜெரோ தன் நல்ல சட்டையை என்னிடம் கொடுத்து அனுப்பினார். "திருடினது இல்ல, நம்பிப் போடு" என்றார்.

இங்கே பாதிரியார்கள் நடத்தும் ஒரு விடுதியில் இடம் கிடைத்திருக்கிறது. நான்கு பேருக்கு ஓர் அறை. ஒருவன் மாலியிலிருந்து வந்தவன், தூக்கத்தில் ஆட்டோ ஓட்டுகிறான், ஹாரன் சத்தம் உட்பட. இங்கே தங்குவதற்கான காகிதங்கள் வரும்வரை வேலைக்குப் போகக்கூடாது. ஆனாலும் விடுதியின் இரும்புக் கேட்டுக்கு வெல்டிங் செய்து கொடுத்தேன். நன்றாகப் பிடித்திருக்கிறது.

ஜெனாபுக்கு வழக்கறிஞர் தீர்ப்பின் நகலை அனுப்பிவிட்டார். மோரியின் பெயர் அதில் மூன்று இடத்தில் வருகிறது.

நான் ஏன் எழுந்து நின்றேன் என்று கேட்டிருந்தீர்கள். அப்போது எழுதியிருந்தால் யாராவது பிரித்துப் படித்திருப்பார்கள். வழக்கறிஞருக்குக்கூட இது தெரியாது. ஜெனாபுக்கு மட்டும்தான் சொல்லியிருக்கிறேன், போன வாரம்.

நீங்கள் "திருப்பாத" என்று மூன்றாவது தடவை சொன்னபோது போன் செத்தது. நான் திருப்பினேன்.

நீங்கள் சொன்னதைக் கேட்டேன், புரிந்தது, ஆனாலும் திருப்பினேன். மோரியின் கை தெரிந்துகொண்டிருந்தது. படகு பாதி திரும்பியதும் ஒரு அலை விலாவில் அடித்தது. தண்ணீர் முழங்கால்வரை ஏறியது. மறுபுறம் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் எங்கள் பக்கம் சரிந்து விழுந்தார்கள். ஒரு பெண் தன் குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். திட்டவில்லை, கத்தவில்லை, பார்த்தாள். எனக்கு நேர் முன்னால் வெல்டிங் ஒரு விரல் அகலத்துக்குப் பிளந்தது. அந்தச் சத்தம் எனக்குத் தொழிலில் தெரிந்த சத்தம். மூக்கை மறுபடியும் அலைக்குக் கொண்டுவந்தேன். எப்படிக் கொண்டுவந்தேன் என்று இன்றுவரை தெரியாது. செருப்பாலும் கையாலும் எல்லோரும் தண்ணீர் இறைத்தார்கள்.

நிமிர்ந்து பார்த்தபோது மோரி இன்னும் மேலேதான் இருந்தான். இன்னும் தூரத்தில், ஆனால் இருந்தான். இன்னொரு தடவை திருப்பியிருக்கலாம். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கை என் கைதான். நான் திருப்பவில்லை. அவன் தெரியாமல் போகும்வரை அவனைப் பார்த்துக்கொண்டே நேராக ஓட்டினேன்.

கோர்ட்டில் யாரும் என்னிடம் இதைக் கேட்கவில்லை. நீங்கள் அங்கே நின்று, உங்கள் வார்த்தையால்தான் மோரி போனான் என்பதுபோல் குரல் உடைந்து படித்துக்கொண்டிருந்தீர்கள். நானும் முதல் கடிதத்தில் அப்படித்தான் எழுதியிருந்தேன். வேறு யாராவது அதைச் சுமந்தால் எனக்கு இலேசாக இருக்கும் என்று நினைத்தேன். நீங்கள் சுமந்தீர்கள். அதை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, அதனால் எழுந்தேன்.

முதல் தடவை "திருப்பாத" என்று சொன்னது நீங்கள். அதை நான் மீறினேன். இரண்டாம் தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்போது போனில் யாரும் இல்லை. அது சரியா தப்பா என்று ஜெனாபிடம் கேட்டேன். "நாப்பது பேரும் எங்க இருக்காங்க இப்ப?" என்று மட்டும் கேட்டாள். எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். இருவர் பிரான்ஸில், அந்தக் குழந்தை பலெர்மோவில், இப்படி.

அதனால் இனி அதை நீங்கள் வைத்திருக்க வேண்டாம், அம்மா. அது என்னுடையது. என்னிடமே இருக்கட்டும்.

லான்சினே